கல்லூரிக்குக் கிளம்பும் மகளின் நனைந்த கேமரா: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

சாரல்வீடு (செங்கோட்டை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் செங்கோட்டையில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். என் மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்து, சென்னையில் ஒரு கல்லூரியில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பில் சேர்ந்திருக்கிறாள். கிளம்புவதற்கு இன்னும் 24 நாட்கள்தான் இருக்கின்றன. இந்த நேரத்தில் அவளுடைய கேமரா போய்விட்டது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சென்ற வாரம் ஆரியங்காவுக்கு அப்பால், கழுதுருட்டியில் இருக்கும் பதிமூன்று கண் பாலத்தைப் படம் எடுக்க அவள் தன் சித்தப்பாவோடு பைக்கில் போனாள். 1904-இல் ரயில் ஓடத் தொடங்கிய பாதை அது. மீட்டர் கேஜ் வண்டியில் அந்தப் பாலத்தைக் கடந்த கதைகளை அவளுடைய ஆச்சி சொல்லிச் சொல்லி, அவளுக்கு அதன் மேல் ஒரு பிரியம். புளியரையில் வெயில் அடித்திருக்கிறது. கோட்டைவாசல் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. கேமரா ஒரு சாதாரண முதுகுப்பையில், துவாலையில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. பை நனைந்து, துவாலை நனைந்து, ஈரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் கேமராவை ஒட்டியே இருந்திருக்கிறது.

கேமரா நிக்கான் டி3400. அதோடு வந்த 18-55, 70-300 ஆகிய இரண்டு லென்ஸ்களும் உண்டு. மழையில் போனபோது மாட்டியிருந்தது 18-55. மற்றது வீட்டில் பத்திரமாக இருந்தது. யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு நாள் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தோம், பலனில்லை. பிறகு ஒரு சர்வீஸ் சென்டரில் காட்டியதில், மெயின் போர்டும் ஷட்டரும் மாற்ற வேண்டும், 17,800 ரூபாய் ஆகும், வேறு பாகம் பின்னால் பழுதானால் அதற்குப் பொறுப்பேற்க முடியாது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

என்னால் 35,000 ரூபாய் வரை ஒதுக்க முடியும். விடுதிக் கட்டணம் கட்டிய பிறகு மிஞ்சுவது அவ்வளவுதான். பழுது பார்ப்பதா, புதிதாக வாங்குவதா, கல்லூரியில் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா என்று விவரம் தெரிந்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


ரதவீதி ஸ்டூடியோ (தென்காசி) எழுதியது:

டீச்சருக்கு வணக்கம். தென்காசியில் 26 ஆண்டுகளாக ஸ்டூடியோ நடத்துகிறேன். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் நனைந்த கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு யாராவது ஒருவர் கடை வாசலில் நிற்பார் என்பதால், இந்தப் பழுது எனக்குப் புதிதில்லை.

முதலில் மெமரி கார்டை வெளியே எடுங்கள். இன்னும் எடுக்கவில்லை என்றால் இதைப் படித்த கையோடு எடுத்துவிடுங்கள். கார்டுக்குள் ஈரம் எளிதில் புகாது. அதன் செம்பொன் நிறத் தகடுகளைக் காய்ந்த மெல்லிய துணியால் துடைத்து, ஒரு நாள் ஆறவிட்டு, கார்டு ரீடரில் போட்டால் படங்கள் பெரும்பாலும் அப்படியே கிடைக்கும். கிடைத்தவுடன் இரண்டு இடங்களில் நகல் எடுத்து வையுங்கள்.

அடுத்தது பேட்டரி. நனைந்த கேமராவுக்குள் பேட்டரி இருக்கும்வரை, ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் மெயின் போர்டில் சில இடங்களில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அங்கே ஈரமும் சேர்ந்தால் செம்புக் கோடுகள் அரிக்கத் தொடங்கி, சில நாட்களில் பச்சை பூத்துவிடும். ஸ்விட்சைப் போட்டுப் பார்த்தால் அந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். நனைந்தவுடன் பேட்டரியைக் கழற்றி, கார்டை எடுத்து, லென்ஸைப் பிரித்து, மின்விசிறிக் காற்றில் வாய் கீழே பார்க்க வைத்திருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு. அரிசியால் நன்மை ஏதும் இல்லை. அரிசித் தூசி லென்ஸ் மாட்டும் வாய்க்குள் போய் ஒட்டிக்கொள்வதுதான் மிச்சம்.

பழுது பார்ப்பதைப் பற்றி என் கருத்தை நேராகச் சொல்கிறேன். 17,800 ரூபாய் கொடுக்காதீர்கள். போர்டையும் ஷட்டரையும் மாற்றினாலும், நனைந்த சின்னச் சின்ன இணைப்புகள் எல்லாம் பழையவையாகவே இருக்கும். இன்றைக்கு ஓடும் கேமரா நாலு மாதம் கழித்து ஃப்ளாஷ் வேலை செய்யவில்லை என்றும், எட்டு மாதம் கழித்து பொத்தான் வேலை செய்யவில்லை என்றும் திரும்பி வருவதை நான் பார்த்திருக்கிறேன். சர்வீஸ் சென்டர்காரர்கள் பொறுப்பேற்க முடியாது என்று எழுதிக் கொடுத்தது உங்களுக்கு வருத்தமாக இருக்கலாம்; ஆனால் அவர்கள் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

கேமராவில் செத்தது பாடி, அதாவது லென்ஸ் தவிர்த்த உடல் பகுதி, மட்டும்தான். லென்ஸ்கள் உயிரோடு இருந்தால் உங்கள் செலவு பாதியாகக் குறையும். 18-55 லென்ஸை என்னிடம் கொண்டுவாருங்கள். என் கேமராவில் மாட்டிச் சோதித்துச் சொல்கிறேன்.


குழித்துறைக்காரன் (குழித்துறை) எழுதியது:

அக்கா, என் யோசனை வேறு. பழைய நிக்கானின் பின்னால் போகாமல் புதிதாக ஒரு மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா வாங்கிக் கொடுத்துவிடுங்கள். கண்ணாடி வைத்த கேமராக்களில் புது மாடல்களை கேனான், நிக்கான் போன்ற பெரிய நிறுவனங்கள் இப்போது கொண்டுவருவதில்லை. கேனான் ஆர்50 2023-இல் வந்தது. சோனி இசட்வி-இ10 2021-இல் வந்தது. நிக்கானிலேயே வேண்டும் என்றால் 2022-இல் வந்த இசட்30 இருக்கிறது. மூன்றிலும் 4கே வீடியோ உண்டு. நாலு ஆண்டுகள் படிக்கப்போகும் பிள்ளைக்கு, முடிந்துபோன தலைமுறையின் கேமராவைக் கொடுத்து அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. 35,000 ரூபாய் போதாதுதான். மாதத் தவணையில் எடுத்தால் பாரம் தெரியாது.


கம்பத்து அப்பா (கம்பம்) எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். கேமராவின் தொழில்நுட்பம் எனக்குத் தெரியாது. பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிய தகப்பன் என்ற முறையில் ஒரு வார்த்தை சொல்கிறேன். பிள்ளை கையில் ஒரு பொருள் கெட்டது. கெட்ட மறு வாரமே பெற்றோர் அதைவிட நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுக்கிறார்கள். இதில் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? என் மகன் முதலாண்டில் லேப்டாப்பைக் கீழே போட்டு உடைத்தபோது, ஆறு மாதம் கல்லூரி நூலகத்துக் கணினியிலேயே வேலை செய்யச் சொன்னேன். விடுமுறையில் குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதி, பாதிப் பணம் அவனே சேர்த்தான். இன்று அவன் பொருளைக் கையாளும் விதமே வேறு. உங்கள் மகள் நல்ல பிள்ளை என்றே நம்புகிறேன். அதனால்தான் அவளையும் இதில் பங்கெடுக்க வையுங்கள் என்கிறேன். அவசரம் வேண்டாம்.


சாரல்வீடு (செங்கோட்டை) எழுதியது:

மூவருக்கும் நன்றி. கார்டை நேற்றிரவே எடுத்துத் துடைத்து, இன்று மாலை கணினியில் போட்டோம். படங்கள் எல்லாம் இருக்கின்றன. அந்தக் கார்டில் பாலத்தின் படங்கள் மட்டுமல்ல, என் மாமியாரை அவள் எடுத்த படங்களும் இருந்தன. அவை திரையில் ஒவ்வொன்றாக வந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

தம்பி, தவணையில் வாங்க எனக்கு மனம் ஒப்பவில்லை. விடுதிச் செலவு மாதாமாதம் வரும்போது அதோடு இன்னொரு கடனைச் சேர்க்க முடியாது. கம்பத்து அண்ணன் சொன்னதை மகளிடம் படித்துக் காட்டினேன். அவள் மறுத்து ஒன்றும் பேசவில்லை. யோசித்துப் பதில் சொல்கிறேன் என்றாள். சனிக்கிழமை லென்ஸோடு தென்காசிக்கு வருகிறோம்.


புனலூர்வாசி (புனலூர்) எழுதியது:

டீச்சர், நான் புனலூரில் 19 ஆண்டுகளாக இருக்கும் தமிழன், பூர்வீகம் கடையம். எந்தக் கேமரா வாங்கினாலும் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். மழையில் நனைந்து கெட்ட கேமராவைவிட, பீரோவுக்குள் இருந்தபடியே கெட்ட லென்ஸ்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மலைக்கு இந்தப் பக்கம் ஜூன் முதல் நவம்பர் வரை காற்றில் ஈரம் குறைவதே இல்லை. செங்கோட்டையில் உங்களுக்குச் சாரல் மாதங்களில் மட்டும் அந்தத் தொல்லை இருக்கும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் லென்ஸின் கண்ணாடிகளுக்கு இடையே ஃபங்கஸ் பிடிக்கும். தொடக்கத்தில் ஒரு புள்ளி போலத் தெரியும். பிறகு சிலந்தி வலை போல விரியும். அது விடும் அமிலம் கண்ணாடியின் மேல் பூச்சை அரித்துவிடும் என்பதால், தாமதமாகத் துடைத்தால் ஃபங்கஸ் போனாலும் தடம் போகாது. என்னுடைய ஒரு லென்ஸ் அப்படித்தான் ஆனது. தோல் உறைக்குள், பஞ்சு மெத்தை வைத்த பெட்டியில், மிகப் பத்திரம் என்று நினைத்துத்தான் வைத்திருந்தேன். தோலும் பஞ்சும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது நான் செய்வது எளிது. மூடியில் ரப்பர் வளையம் உள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதற்குள் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் ஒரு சின்னக் கருவி. முள் 40-க்கும் 50-க்கும் இடையில் நின்றால் போதும். ஒரேயடியாக 30-க்குக் கீழே உலர்த்துவதும் நல்லதல்ல. ரப்பர் பாகங்களும் மசகும் காய்ந்துவிடும். சிலிக்கா ஜெல்லில் நீல நிறம் வாங்காமல் ஆரஞ்சு நிறம் வாங்குங்கள். நீலத்தில் கோபால்ட் உப்பு கலந்திருக்கும், அது நச்சு. ஆரஞ்சு நிற மணிகள் ஈரம் குடித்ததும் பச்சையாக மாறும். சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு பழைய சட்டியில் மெல்லிய தீயில் சூடாக்கினால் மீண்டும் ஆரஞ்சுக்குத் திரும்பும்.

சென்னையில் வேறொரு சிக்கலும் உண்டு. குளிரூட்டிய வகுப்பறையிலிருந்து வெயிலுக்கு வந்தவுடன் பையைத் திறந்தால், குளிர்ந்த கண்ணாடியில் நீர் பூத்துவிடும். பையை மூடியபடியே கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறக்க வேண்டும். மகளிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.


விஸ்காம் மூன்றாமாண்டு (சென்னை, ஊர் கடையநல்லூர்) எழுதியது:

டீச்சர், நான் அதே படிப்பில் இறுதியாண்டு படிக்கிறேன், வேறு கல்லூரி. குழித்துறை அண்ணன் நாலு ஆண்டுகள் என்று எழுதியிருக்கிறார். எங்கள் படிப்பு மூன்று ஆண்டுகள். ஒவ்வொரு கல்லூரியின் பாடத்திட்டமும் வேறு என்பதால் எங்கள் வகுப்பில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதல் செமஸ்டரில் எங்களுக்குக் கேமரா தேவைப்படவே இல்லை. வரைதலும், தொடர்பியல் அறிமுகமும், மொழிப் பாடங்களும்தான் இருந்தன. புகைப்படப் பாடம் பின்னால் வந்தபோதும் ஆசிரியர் கேட்டது ஒன்றுதான்: ஷட்டர் வேகம், லென்ஸின் துளை (அபர்ச்சர்), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) மூன்றையும் கையாலேயே மாற்ற முடிகிற, லென்ஸ் கழற்றி மாட்டுகிற கேமராவாக இருக்க வேண்டும். துறையில் கேமராக்கள் இருக்கின்றன. ஆனால் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும், மாலைக்குள் திருப்ப வேண்டும், சீனியர்களின் குறும்பட வேலை நடக்கும் வாரங்களில் கிடைக்காது. அதனால் சொந்தக் கேமரா இருப்பது பெரிய வசதிதான், ஆனால் முதல் நாளே தேவையில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்கச் சொல்வேன். டி3400-இல் வெளி மைக் மாட்டும் துளை கிடையாது. 2014-இல் வந்த டி3300-இல் அது இருந்தது, டி3400-இல் எடுத்துவிட்டார்கள், அடுத்து வந்த டி3500-இலும் இல்லை. புகைப்படம் மட்டும் எடுக்கும்வரை இது ஒரு குறையாகவே தெரியாது. முதல் நேர்காணல் வீடியோ எடுக்கும்போதுதான் தெரியும். படம் நன்றாக இருந்தும் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்டதால் என் முதல் பயிற்சிப் படத்தை நான் மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. மாற்றுவதாக இருந்தால் மைக் துளை உள்ள பாடியாகப் பாருங்கள். 4கே இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். எங்கள் லேபில் நாங்கள் எடிட் செய்வதெல்லாம் இன்றும் 1080-இல் (ஃபுல் எச்டி) தான்.


குழித்துறைக்காரன் (குழித்துறை) எழுதியது:

மூன்று ஆண்டுகள் என்ற திருத்தத்தை ஏற்கிறேன். புதிது வேண்டாம் என்றால் சரி, அக்கா. எனக்குத் தெரிந்த ஒருவரிடம் நிக்கான் டி7000 பாடி இருக்கிறது. கல்யாண வேலைக்கு வைத்திருந்தது, மைக் துளை உண்டு, 12,000 ரூபாய்க்குத் தருவார். டி3400-ஐவிட மேல்வகுப்புக் கேமரா அது. நிக்கான் லென்ஸ் எல்லாம் மாட்டும். வேண்டுமானால் பேசி வைக்கிறேன்.


ரதவீதி ஸ்டூடியோ (தென்காசி) எழுதியது:

தம்பி நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் இதை வாங்கினால் டீச்சர் ஏமாந்துபோவார். லென்ஸ் மாட்டும்; ஃபோகஸ் ஆகாது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பழைய பாடி வாங்குகிற பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். டி3400-உடன் வந்த இரண்டு லென்ஸ்களும் ஏஎஃப்-பி வகை. அவற்றுக்குள் இருப்பது ஸ்டெப்பிங் மோட்டார். சத்தமில்லாமல், வேகமாக ஃபோகஸ் செய்யும். வீடியோவுக்கு மிக நல்லது. ஆனால் அந்த மோட்டாரோடு பேசத் தெரிந்த பாடிகளில்தான் அது வேலை செய்யும். டி7000, டி90, டி5100, டி3200 போன்ற பழைய பாடிகளில் ஏஎஃப்-பி லென்ஸை மாட்டினால் ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. கையால் வளையத்தைத் திருப்பினாலும் ஃபோகஸ் நகராது, ஏனென்றால் அந்த வளையமும் மோட்டார் வழியாகத்தான் வேலை செய்கிறது. டி3300, டி5300 இரண்டிலும் ஃபர்ம்வேரை (கேமராவுக்குள் இருக்கும் மென்பொருளை) புதுப்பித்தால் வேலை செய்யும். என் கடையில் சோதனைக்கு வைத்திருப்பது அப்படிப் புதுப்பித்த டி5300 தான். டி7200-இலும் ஓடும், ஆனால் லென்ஸில் தனி ஸ்விட்ச் இல்லாததால் ஆட்டம் குறைக்கும் வசதியை நிறுத்த முடியாது. டி3400, டி3500, டி5600, டி7500 ஆகியவற்றில் எந்தக் குறையும் இல்லை.

மகள் சனிக்கிழமை கொண்டுவந்த 18-55-ஐ டி5300-இல் மாட்டிப் பார்த்தேன். முன் கண்ணாடிக்குப் பின்னால் மெல்லிய ஆவி படிந்திருந்தது. இரண்டு நாள் சிலிக்கா ஜெல் டப்பாவில் வைத்த பிறகு அது போய்விட்டது. பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே வலை இல்லை, புள்ளி இல்லை. பின்னாலுள்ள தொடுதகடுகளில் ஒன்றில் மட்டும் கறுப்பு இருந்தது. துடைத்ததும் ஃபோகஸ் சரியாக விழுந்தது. லென்ஸ் பிழைத்துக்கொண்டது, டீச்சர்.

ஆக, நீங்கள் தேட வேண்டியது டி5600 பாடி மட்டும். 2016-இல் வந்தது. நிக்கான் அதை இப்போது தயாரிப்பதில்லை என்பதால் பழையதுதான் கிடைக்கும். டி3400-ல் இருக்கும் அதே 24 மெகாபிக்சல், அதே இஎன்-இஎல்14ஏ பேட்டரி, அதே சார்ஜர். அதோடு மைக் துளையும், பக்கவாட்டில் திறந்து திரும்பும் தொடுதிரையும் உண்டு. ஆனால் மழையன்று உள்ளே இருந்த பேட்டரியைப் புதுப் பாடியில் போட வேண்டாம். நனைந்த பேட்டரியை நம்பி நல்ல பாடியைப் பணயம் வைக்கக் கூடாது.


சாரல்வீடு (செங்கோட்டை) எழுதியது:

வணக்கம். இதை எழுதுவது மகள். அம்மாவின் கணக்கிலிருந்து, அவர் பக்கத்தில் இருக்கும்போதே எழுதுகிறேன்.

கேமராவை மூன்று தடவை ஆன் செய்தது நான்தான். முதல் தடவை திரை எரிந்தது. இரண்டாவது தடவை பிழை என்று காட்டியது. மூன்றாவது தடவை ஷட்டரை அமுக்கியபோது உள்ளே கண்ணாடி ஏறும் சத்தம் மட்டும் கேட்டது. இறங்கும் சத்தம் கேட்கவில்லை. வ்யூஃபைண்டர் இருட்டாகவே நின்றுவிட்டது. அந்த இருட்டில் கண்ணை வைத்தபடி ஆரியங்காவு வரும்வரை பேசாமல் இருந்தேன். ஸ்டூடியோ மாமா எழுதியதைப் படித்த பிறகுதான் முதல் தடவை ஆன் செய்ததே தவறு என்று தெரிந்தது.

கம்பத்துப் பெரியப்பா சொன்னதை நான் ஏற்றுக்கொள்கிறேன். சென்ற ஆண்டு இரண்டு வளைகாப்புக்கும் எங்கள் தெருக் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் படம் எடுத்துக் கொடுத்ததில் 6,200 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். அதை முழுவதும் தருகிறேன். ஆனால் அவசரம் வேண்டாம் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அதன் காரணத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு (கடைசி ஆண்டுகளில் திருவிதாங்கூர்-கொச்சியோடு) இருந்த ஊர். ஊர் நுழைவில் அந்தக் காலத்து வளைவு இன்றும் நிற்கிறது. ஆச்சி திருவிதாங்கூர்ப் பிரஜையாகப் பிறந்தவர். மலையாளத்தில் எழுத்துக் கூட்டிப் படிப்பார். அவரைப் போல அந்த நாளுக்கு முன் பிறந்து, இன்றும் இதே தெருக்களில் இருப்பவர்களை அவரவர் வீட்டுத் திண்ணையில் வைத்துப் படம் எடுத்து வருகிறேன். இதுவரை 17 பேர். இன்னும் 9 பேர் இருக்கிறார்கள். கல்லூரிக்குப் போய்விட்டால் தீபாவளிக்குத்தான் ஊருக்கு வருவேன். எல்லோருக்கும் வயது எழுபதுக்கு மேல். ஒருவர் சென்ற மாதம் படுக்கையில் விழுந்துவிட்டார். கல்லூரிக்கு முதல் செமஸ்டரில் கேமரா வேண்டாம் என்று கடையநல்லூர் அண்ணன் சொன்னது சரியாகவே இருக்கும். எனக்குக் கேமரா வேண்டியது கிளம்புவதற்கு முன்னால் இருக்கும் இந்த நாட்களுக்குத்தான்.

புதியது வேண்டாம். இசட்30-இல் வ்யூஃபைண்டர் இல்லை என்று படித்தேன். கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தால்தான் எனக்குப் படம் பிடிக்க வருகிறது. டி5600 கிடைத்தால் போதும்.


கம்பத்து அப்பா (கம்பம்) எழுதியது:

மகளே, படித்தேன். நான் அவசரம் வேண்டாம் என்று எழுதியது இந்தக் காரணம் தெரியாமல் எழுதியது; அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் பங்கு கொடுக்க வேண்டும் என்பதில் மாறவில்லை. சகோதரி, 6,200-ஐயும் வாங்கிவிடாதீர்கள். பாதியை வாங்கிக்கொண்டு, பாதியை அவள் கையிலேயே விட்டுவிடுங்கள். முதல் மாதம் விடுதியில் பணம் கேட்கப் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள்.


ரதவீதி ஸ்டூடியோ (தென்காசி) எழுதியது:

பாப்பா, பாடி கிடைக்கும்வரை என் டி5300-ஐ எடுத்துக்கொண்டு போ. காலையில் வாங்கிப்போய் இரவு திருப்பினால் போதும். அந்த 9 பேரில் படுக்கையில் இருப்பவரை முதலில் எடுத்துவிடு.


சாரல்வீடு (செங்கோட்டை) எழுதியது:

அண்ணாச்சிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நேற்று அவள் நான்கு பேரை எடுத்துவிட்டாள்.

இரண்டு டி5600 பாடிகள் விற்பனைக்கு இருப்பதாகத் தெரிந்தது. ஒன்று கொல்லத்தில், 19,000 ரூபாய். மற்றது திருநெல்வேலியில், 23,500 ரூபாய். போய்ப் பார்க்கும்போது எதை எதைக் கவனிக்க வேண்டும்?


ரதவீதி ஸ்டூடியோ (தென்காசி) எழுதியது:

கிளம்புவதற்கு முன் இருவரையும் அந்தக் கேமராவில் இன்றைக்கு எடுத்த ஒரு ஜேபெக் படத்தை, எந்த ஆப்பிலும் திருத்தாமல், அப்படியே மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் உள்ளிருக்கும் விவரங்கள் அழிந்துவிடும். நிக்கான் ஒவ்வொரு படத்துக்குள்ளும் அதுவரை ஷட்டர் அடித்த எண்ணிக்கையை எழுதி வைக்கிறது. எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். இந்த வகைப் பாடிகளின் ஷட்டரை ஒரு லட்சம் வரை அடிக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

நேரில் போகும்போது உங்கள் 18-55-ஐயும், காலியான கார்டு ஒன்றையும் கொண்டுபோங்கள். லென்ஸின் துளையை (அபர்ச்சர்) எஃப்22-இல் வைத்து வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கறுப்புப் புள்ளி வந்தால் சென்சாரில் தூசி இருக்கிறது; ஊதினால் போகக்கூடியதுதான், பயப்பட வேண்டாம். மூடியைப் போட்டுவிட்டு 10 விநாடி ஷட்டர் திறந்து ஒரு படம் எடுங்கள். ஒன்றிரண்டு வண்ணப் புள்ளிகள் பரவாயில்லை, வானத்து நட்சத்திரம் போல இறைந்து கிடந்தால் வேண்டாம். திருகுகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று பொருள். திரையை விரித்து எல்லாப் பக்கமும் திருப்பிப் பாருங்கள். இந்த மாடலில் அதிகம் உழைப்பது அந்தக் கீல்தான். மைக் துளையில் ஒரு மைக்கை மாட்டிப் பேசிப் பதிவு செய்து கேட்டுவிடுங்கள், அதற்காகத்தானே வாங்குகிறோம். வ்யூஃபைண்டருக்குள் வெளிச்சத்தைப் பார்த்தபடி நோக்குங்கள். ஓரத்தில் பஞ்சு போல ஏதாவது தெரிந்தால் அது ஃபங்கஸ்.

முதல் பில் இருக்கிறதா, அதிலுள்ள வரிசை எண்ணும் கேமராவின் வரிசை எண்ணும் ஒன்றா என்று கடைசியாகப் பாருங்கள். பில் இல்லாத பொருளுக்கு விலை குறைவாக இருப்பதன் காரணத்தை நாம் அறிய முடியாது.


சாரல்வீடு (செங்கோட்டை) எழுதியது:

வாங்கிவிட்டோம். கொல்லத்துக் கேமராவின் படத்தில் ஷட்டர் கணக்கு 61,000-ஐத் தாண்டியிருந்தது. அதற்குப் பில்லும் இல்லை. புனலூர்வாசி அண்ணன் சிரமம் பாராமல் கொல்லம் வரை போய்ப் பார்த்து, வ்யூஃபைண்டரின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ படர்ந்திருப்பதாகச் சொன்னார். அதனால் அதை விட்டுவிட்டோம்.

திருநெல்வேலிக் கேமராவின் கணக்கு 14,000 சொச்சம். வைத்திருந்தவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். கூந்தன்குளத்துக்குப் பறவை பார்க்கப் போகும்போது மட்டும் எடுத்ததாகச் சொன்னார். மகள் நீங்கள் எழுதியவற்றை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு, அவர் வீட்டு வெள்ளைச் சுவரை நான்கு முறை எடுத்தாள். சென்சாரின் இடது மூலையில் ஒரே ஒரு புள்ளி. அவர் தாமே ஊதுபையை எடுத்து வந்து அதைப் போக்கிக் காட்டினார். பில்லின் பின்புறத்தில் மகளின் பெயருக்கு மாற்றிக் கொடுத்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேட்டரி இரண்டு கொடுத்தார். விலையில் 500 ரூபாய் குறைத்துக்கொண்டு 23,000 வாங்கினார். அதில் 3,000 மகளுடையது. மிச்சம் 3,200 அவள் கையிலேயே இருக்கிறது.

ஒதுக்கியதில் மீந்த பணத்தில் மழை உறையோடு கூடிய கேமராப் பை ஒன்றும், சட்டையில் குத்தும் மைக் ஒன்றும், ரப்பர் வளைய டப்பாவும், ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல்லும் வாங்கினோம். ஈரப்பதக் கருவி நேற்று மாலை வீட்டு முற்றத்தில் 84 காட்டியது. டப்பாவுக்குள் வைத்து இரவு பார்த்தபோது 47-இல் நின்றது. மகள் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் எழுந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.


விஸ்காம் மூன்றாமாண்டு (சென்னை, ஊர் கடையநல்லூர்) எழுதியது:

நல்ல தேர்வு, டீச்சர். விடுதியில் பீரோவுக்குச் சொந்தப் பூட்டு வாங்கிக் கொடுங்கள். கேமராவின் வரிசை எண்ணை ஒரு தாளில் எழுதி வீட்டிலும் வைத்திருங்கள். நண்பர்கள் இரவல் கேட்பார்கள். பாடியைக் கொடுத்தாலும் மெமரி கார்டைக் கொடுக்க வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லுங்கள்.


சாரல்வீடு (செங்கோட்டை) எழுதியது:

எழுதி வைத்துவிட்டோம், தம்பி. பழைய டி3400-ஐ உதிரிப் பாகத்துக்கு உதவும் என்று அண்ணாச்சியின் கடையிலேயே கொடுத்துவிட்டோம். கொடுக்கும் முன் மகள் அதன் கழுத்துப் பட்டையை மட்டும் கழற்றிப் புதியதில் மாட்டிக்கொண்டாள். 9 பேரில் 8 பேரை எடுத்தாகிவிட்டது. மிச்சம் இருப்பவர் புளியரையில் மகள் வீட்டில் இருக்கிறார். சனிக்கிழமை காலை அங்கே போகிறோம், இந்த முறை பஸ்ஸில். ஞாயிறு மாலை பொதிகை ரயிலில் அவள் சென்னைக்குக் கிளம்புகிறாள்.